குப்பைக்குழி இல்லாத வீடு

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஒரு குப்பைக்குழி இருந்தது. மதினி வீட்டில் மட்டும் இல்லை.

நாங்கள் அங்கே குடிபோன புதிதில், வாழைப்பூ ஆய்ந்த மடலையும் நரம்பையும் முறத்தில் வைத்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வேலியோரம் நின்றேன். எங்கள் கொல்லைக் குழி தூர்ந்து கிடந்தது. வேலிக்கு அந்தப்புறம் இருந்து ஒரு நீளமான கை வந்து முறத்தை வாங்கிக்கொண்டது.

"கொட்டப் போறியா? எதுக்குத்தா கொட்டணும்? இந்த மடல் ஆட்டுக்கு. இந்த நரம்பு மாட்டுக்கு. எல்லாத்துக்கும் ஒரு வாய் இருக்கு தாயி. எது எந்த வாய்க்குன்னு நமக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்."

முறம் திரும்பி வந்தபோது கழுவித் துடைத்திருந்தது. அன்றைக்கே அவர் எனக்கு மதினி ஆகிவிட்டார். உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. என் மகள் வடிவுக்கு இப்போது பதினாலு வயது. அவளுடைய வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு ஓடுகிறது. அந்தத் தழும்புக்கு உள்ளே இன்னும் ஏதாவது வளர்கிறதா இல்லையா என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அது மனதில் எழும்போதெல்லாம் எனக்கு மதினியின் கொல்லைதான் கண்முன் வருகிறது. பெருக்கித் தெளித்து, ஒரு துரும்பு இல்லாமல், அத்தனை சுத்தமாக.

கோம்பையில் இருந்து நடந்து போகிற தூரத்தில், மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும் இடத்தில் இருந்தது அந்த ஊர். என் வீட்டுக்காரருக்கு அங்கே போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. நான் பெரியகுளத்தில் எட்டாவது வரை படித்தவள். அந்தத் தெருவில் எட்டாவது படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால், மதினி என்னைப் 'படிச்ச புள்ள' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டா கிண்டலா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

மதினியின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அவர் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். மழைக்காலம் முழுக்க மேலேதான். கடலைக்காட்டில் பன்றி இறங்குகிற ஊர் அது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு நாய்தான் காவல். மதினியிடம் நான்கு கோம்பை நாய்கள் இருந்தன. செம்மண் நிறம், கருத்த மூஞ்சி, எலும்பு தெரியும் விலா. அந்நிய ஆள் தெருமுனையில் திரும்பும்போதே நான்கும் ஒரே குரலாக எழும்பும். அவற்றில் மூத்த பெட்டை நாய்க்குச் செவலை என்று பெயர். மதினி எங்கே போனாலும் அவருடைய சேலைத் தலைப்பை முகர்ந்துகொண்டு பின்னாலேயே போகும்.

மதினிக்குப் பிள்ளை இல்லை. அதை அடுத்தவர் எடுக்கும் முன்னால் அவரே எடுத்துவிடுவார். "நாலு பெத்துட்டேன். என்ன, நாலும் குரைக்குது."

அவருடைய நாள் முழுக்க ஒரே வேலைதான். ஒன்றில் இருந்து மிஞ்சியதை இன்னொன்றுக்குச் சேர்ப்பது. அரிசி கழுவிய தண்ணீர் எருமைக்கு. புளியங்கோது அடுப்புக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. மீன் தலை பூனைக்கு, பூனை விட்டது காக்கைக்கு. எங்கள் வீட்டில் பருப்புப் பானை அடிப்பிடித்தால்கூட, வாசனை பிடித்துக்கொண்டு வேலியோரம் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "அந்தக் காந்தலைச் சுரண்டிக் குடு. கோழி வாய் சும்மா இருக்கு."

அந்தக் கிண்ணம் வெண்கலம். அதில்தான் நாய்க்குப் போடுவார். நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து அதிலேயேதான் தானும் சாப்பிடுவார். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார் ஒருநாள்.

"என்னத்தா மூஞ்சியை இப்படி வச்சிருக்க? அதுவும் பசிச்சுத் திங்குது, நானும் பசிச்சுத் திங்கிறேன். கிண்ணத்துக்கு என்ன தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுப்பார்கள். கறிக்கடை போட்டிருந்த ராவுத்தர் நல்ல மனுஷர்; நிறுத்த பிறகு ஒரு துண்டு கூடப் போட்டுத்தான் தருவார். சில ஆடுகளின் ஈரலில் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். வெள்ளையாக, வழுவழுப்பாக, நெல்லிக்காய் அளவிலும் எலுமிச்சை அளவிலும். அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்பும். ராவுத்தர் அதற்குத் தண்ணிமுட்டை என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஈரலை அவர் யாருக்கும் விற்க மாட்டார். மதினி வரும்வரை ஓரமாக இலையில் எடுத்து வைத்திருப்பார்.

"ஆத்தா, ஒங்க பிள்ளைகளுக்குத் தண்ணிமுட்டை வந்திருக்கு. வாங்கிட்டுப் போங்க, இல்லாட்டி தூரப் போடணும்."

"தூரப் போடுவீகளோ? போடுவீக, போடுவீக! ஒரு உசிரை அறுத்துட்டு அதுல பாதியைத் தூரப் போட்டா, அந்த ஆடு கனவுல வந்து கேக்காது?"

"கேட்டா ஒங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். மதினி அந்த இலையை மடித்து, தலைப்பில் ஏந்திக்கொண்டு நடப்பார். தலைப்பில் தண்ணீர் கசிந்து வட்டமாகப் பரவும். நாய்கள் நான்கும் பாதி வழிக்கே வந்து காத்திருக்கும். கொல்லையில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார். கொப்புளத்தை அந்தரத்திலேயே செவலை கவ்வும். பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது யார் வீட்டிலாவது பிள்ளைகள் பலூன் உடைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

நாய்களை அவர் கவனிக்காமல் விட்டவர் அல்ல. அதைச் சொல்லாவிட்டால் பாவம். நாய் மெலிந்து பின்புறத்தைத் தரையில் தேய்த்தால், அது படுக்கும் சாக்கை உதறிப் பார்ப்பார். வெள்ளரி விதை போல, அரிசி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால், "நாடா விழுந்திருச்சு" என்பார். மறுநாள் காலையில் கொட்டைப் பாக்கை இடித்துச் சலித்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் புகட்டுவார். வாயைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவார். நான் வேலிக்கு இந்தப்புறமே நின்றுகொள்வேன். கொஞ்ச நேரத்தில் நாய் முக்கி முனகும். நாடா மாதிரி, கணுக்கணுவாக, வெள்ளையாக, நீள நீளமாக விழும். சில துண்டு விழுந்த பிறகும் நெளியும்.

"பாத்தியா? சுத்தமா வந்திருச்சு. இனி என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்று நாயைத் தட்டிக்கொடுப்பார்.

நாய்களை அவர் கட்டுவது வெள்ளரிப் பாத்தி ஓரத்து முருங்கையில். எல்லாம் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவுவார். தண்ணீர் பாத்திக்குள் ஓடும்.

"அங்கன ஏன் மதினி விடுறீக?"

"பின்ன எங்கன விட? எருவுக்கு ஆச்சுல்ல. மண்ணுக்கும் ஒரு வாய் இருக்கு."

அந்தப் பாத்தியில் வெள்ளரிப்பிஞ்சு அப்படிக் காய்க்கும். முள் போகாத பிஞ்சைப் பறித்து, தலைப்பில் ஒரு துடை துடைத்து, பாதியைக் கடித்துக் கசக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை வடிவின் கையில் கொடுப்பார். வடிவு அப்போது நடக்கப் பழகிய பிள்ளை.

வடிவு அந்தக் கொல்லைக்குப் போனது எப்படி என்றும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மலைக்காய்ச்சல். வீட்டுக்கு வீடு குளிர் ஆட்டியது. எங்கள் வீட்டில் இரண்டு பேருமே படுத்துவிட்டோம். எழுந்து விளக்கு ஏற்ற ஆள் இல்லை. நான் கண் விழிக்கும்போது ஒருநாள் தொட்டில் காலியாக இருந்தது. அலறிவிட்டேன். வேலிக்கு அந்தப்புறத்தில் இருந்து குரல் வந்தது.

"ஏன் கத்துற? பிள்ளை இங்கன இருக்கு. நீ கஞ்சியைக் குடிச்சுட்டுப் படு."

காய்ச்சல் விடும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், வடிவு அங்கேதான். மதினி தன் எருமைப்பாலை ஊருக்கு ஊற்றாமல் அவளுக்கு வைத்தார். எங்களுக்குக் கஞ்சி, கசாயம். நடுக்கம் வரும்போது என் மேல் தன் கம்பளியைப் போட்டு, அதன் மேல் அவரும் படுத்து அமுக்குவார். அந்தத் தெருவில் அந்த வருஷம் போன பிள்ளைகள் உண்டு. என் பிள்ளை போகவில்லை. அதற்குக் காரணம் அந்தக் கைதான். இதை எழுதும்போதும் அந்தக் கையைக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

எழுந்து நடமாட முடிந்த நாளில் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். செவலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் வயிற்றில் தலை வைத்து என் மகள் கிடந்தாள். மதினி சோற்றை உருட்டி, ஓர் உருண்டை நாய்க்கு, ஓர் உருண்டை பிள்ளைக்கு என்று ஒரே கையால் ஊட்டிக்கொண்டிருந்தார். வடிவின் முழங்காலில் சிரங்கு. உருண்டைக்கு நடுவே செவலை அதை நக்கியது. பிள்ளை கூச்சத்தில் கிளுகிளுவென்று சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "என்ன மதினி, நாயை விட்டு நக்க விடுறீக?"

"வாத்தியாரே, ஒங்க பள்ளிக்கூடத்துப் பெரம்பைவிட எஞ்செவலை நாக்கு சுத்தம். சிரங்கு ஆறலைன்னா அப்புறம் வந்து கேளுங்க."

சிரங்கு ஆறிவிட்டது. அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வடிவு அந்தக் கொல்லையிலேயே வளர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தை, அத்தை என்று பொழுதெல்லாம் அங்கேதான். மதினிக்கும் அவள் ஒரு வாய்.

மதினிக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போது வலது கையை விலாவுக்குக் கீழே வைத்து, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தடவுவதுபோல் தடவுவார். அங்கே ஒரு கட்டி இருந்தது. சேலைக்கு மேலேயே தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் வயிற்றில் கட்டி என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காய்ச்சல் வந்து வந்து போன உடம்பில் மண்ணீரல் வீங்கி இடப்பக்கம் கல் போல நிற்கும். ஆமைக்கட்டி என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருந்தது.

"எல்லாருக்கும் ஆமை இடப்பக்கம். எனக்கு மட்டும் வலப்பக்கம்" என்று அவரே சிரிப்பார். "என் காய்ச்சலுக்குக்கூட வழி தெரியல பாரு."

"மதினி, ஆசுபத்திரியில ஒருக்கக் காட்டுங்க."

"காட்டினா காய்ச்சலுக்குன்னு கொயினாத் தண்ணி குடுப்பாக. அந்தக் கசப்பை யாரு குடிக்க? இருந்துட்டுப் போகுது. இத்தனை வருசமா நாந்தான் சோறு போட்டு வளக்குறேன். அதுக்கும் ஒரு வாய் இருக்கும்போல."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வடிவு, என்ன என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அந்தக் காய்ச்சல் வருஷத்தில்தான் மதினி வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். வாத்தியார் வீடு பிழைத்தால் அம்மனுக்கு ஒரு கெடா. எங்களுக்காக அவர் வேண்டிக்கொண்டது. வாழைமடலும் காய்த்தோலும் தின்று அந்தக் கெடா அந்தக் கொல்லையிலேயே வளர்ந்தது. இரண்டாம் வருஷம் சித்திரையில் புறப்பட்டோம். விடிந்ததும் தெருவில் வண்டிகள் நின்றன. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதினி கெடாவை வண்டியில் ஏற்ற இழுத்தார். அது முரண்டுபிடித்து, தலையைத் தாழ்த்தி, அவருடைய வலது விலாவில் ஒரு முட்டு முட்டியது.

மதினி நுகத்தடியில் கைவைத்து உட்கார்ந்தார். முதலில் சிரித்தார்.

"போற எடம் தெரிஞ்சுபோச்சு பயலுக்கு."

வண்டிக்காரர்கூட ஏதோ கேலி பேசினார். மதினி முன்கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தை. "என்னமோ அரிக்குதே தாயி." நான் கிட்டே போனேன். கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கவே முகத்துக்கு ஏறியது. உதடு வீங்கியது. கண் இமை மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

யாரோ ஒருத்தி கூவினாள். "ஆத்தா வந்துட்டாடி! முத்துப் போட்டிருச்சு!"

தெரு முழுவதும் கைகூப்பியது. அம்மன் கோயிலுக்குப் புறப்பட்ட காலையில், நேர்த்திக் கெடாவோடு நிற்கிற பெண்ணின் உடம்பில் முத்து எழும்பினால் வேறு எதை நினைப்பார்கள்? குலவை போட்டார்கள். வேப்பங்கொத்தை ஒடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து வீசச் சொன்னார்கள். நான் வீசினேன். அம்மை என்றால் முதலில் காய்ச்சல் வரும், முத்து ஒவ்வொன்றாகத்தான் தலைகாட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? வேறு என்ன இது என்று எனக்கும் தெரியவில்லை. மதினி ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இன்னொரு கை விலாவுக்குக் கீழே இருந்தது. அங்கே அந்தக் கட்டி இல்லை. வயிறு தளர்ந்து கிடந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. பூட்டிய மாடுகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

அழக்கூடாது என்றுவிட்டார்கள். அம்மன் எடுத்துக்கொண்ட உடம்புக்கு அழுதால் தெருவுக்கு ஆகாது. வேப்பிலை பரப்பி, மஞ்சள் தெளித்து, சத்தமில்லாமல் கொண்டுபோனார்கள். நாய்கள் மட்டும் ஊளையிட்டன. வடிவு என் இடுப்பில் இருந்தபடி, "அத்தையை எங்க தூக்கிட்டுப் போறாக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மலையில் இருந்து அண்ணன் இறங்கி வந்தார். அதிகம் பேசாத மனிதர். நேர்த்தியை மிச்சம் வைக்கக்கூடாது என்று, கருமாதி முடிந்ததும் அந்தக் கெடாவை அங்கேயே அம்மனை நினைத்து அறுத்து, தெருவுக்கெல்லாம் சோறு போட்டார். உரிக்கும்போது ஈரலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளைக் கொப்புளங்கள் வெயிலில் மின்னின.

"தண்ணிமுட்டை" என்றார். "அவ இருந்தா என்ன செய்வா?"

செவலை முன்னால் வந்து நின்றது. அண்ணன் தூக்கிப் போட்டார். அது அந்தரத்தில் கவ்வியது.

மூன்று நாய்களை அவர் மலைக்குக் கூட்டிப்போனார். செவலையின் கழுத்தை வடிவு விடவில்லை. அதனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்னும் சில வருஷம் இருந்து, கிழடாகிச் செத்தது. மதினியின் வெண்கலக் கிண்ணமும் அதோடு வந்தது. அதில்தான் அதற்குச் சோறு.

பிறகு என் வீட்டுக்காரருக்கு உத்தமபாளையத்துக்கு மாற்றல் ஆயிற்று. உலகச் சண்டை வந்தது, அரிசியை அளந்து கொடுக்கும் ரேஷன் வந்தது. வடிவு வளர்ந்தாள். வாய்க்காலில் குதிப்பாள், கயிறு தாண்டுவாள், கொய்யா மரத்தில் ஏறி வயிறு கிளையில் தேயத் தேய இறங்குவாள். நல்ல ஆரோக்கியம் என்றுதான் இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது விலாவுக்குக் கீழே என் விரல் எதிலோ இடித்தது. உருண்டையாக, வழுவழுப்பாக, கெட்டியாக.

"கூசுதும்மா" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அலட்சியமாகத் தொட்டுப் பார்த்தாள். "ஆமைக்கட்டிதான் அக்கா. யாருக்குத்தான் இல்ல? கொயினா குடுங்க, கரைஞ்சிரும்."

வடிவு என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். என் இடது கைப்பக்கம் அவளுக்கு வலப்பக்கம் என்பது அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எனக்கு மட்டும் வலப்பக்கம் என்ற குரல் வேலிக்கு அந்தப்புறத்தில் இருந்து கேட்டதுபோல் இருந்தது. எண்ணெய்க் கிண்ணம் கையில் இருந்து நழுவி உருண்டு போனது.

மதுரைக்குப் போனோம். போடி ரயில் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கரி போட்டு ஓட்டும் பஸ்தான். தேனி தாண்டி ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் பஸ் எகிறி விழுந்தது. வடிவுக்கு ஒரே உற்சாகம்; ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஆசுபத்திரியில் பெரிய டாக்டர் படமெடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வீட்ல நாய் வளக்குறீங்களா?"

என் வீட்டுக்காரர் சொன்னார்: "இருந்துச்சுங்க. இப்ப இல்ல."

"ஆட்டு ஈரல் ஏதாவது பச்சையாப் போடுவீங்களா அதுக்கு? தண்ணி கட்டுன மாதிரி கொப்புளத்தோட?"

நான் தலையாட்டினேன். டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து ஆடு ஒன்று, நாய் ஒன்று, ஒரு பிள்ளை என்று கோடு கோடாக வரைந்தார். ஆட்டு ஈரலின் கொப்புளத்துக்குள் மணல் மாதிரி இருப்பதெல்லாம் புழுவின் தலைகள். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் நாடாப்புழுவாக வளரும். ரவை அளவுதான், கண்ணால் பார்த்து அறிய முடியாது. அது போடும் முட்டை நாயின் மலத்தோடு மண்ணுக்குப் போகும், புல்லுக்குப் போகும், நாயின் மயிரிலும் நாக்கிலும் ஒட்டும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குள் மறுபடி கொப்புளம். பிள்ளையின் வாய்க்குப் போனால் பிள்ளைக்குள்.

"பெரிய பெரிய நாடாவா விழுமே, அதுக்குப் பாக்குத்தூள் குடுப்பாக" என்றேன்.

"அது வேற சாதிப் புழும்மா. கண்ணுக்குத் தெரியிறது அவ்வளவு மோசமில்ல. இது தெரியாது."

ஆட்டில் இருந்து நாய்க்கு, நாயில் இருந்து மண்ணுக்கு, மண்ணில் இருந்து ஆட்டுக்கு. ஒன்றும் வீணாகாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். அவர் வரைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மதினியின் கொல்லை. நடுவில் என் மகள்.

"ஊசி குத்தி அந்தத் தண்ணியை எடுத்துர முடியாதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டர் சட்டென்று கையை உயர்த்தினார். "யாரும் குத்திராதீங்க. அடிபடவும் விட்றாதீங்க. அது உள்ள உடைஞ்சா ஆபத்து. அந்தத் தண்ணி ரத்தத்துல கலந்தா சில பேருக்கு அந்த நிமிசமே..."

"ஒடம்பெல்லாம் தடிச்சு," என்றேன், "உதடு வீங்கி, மூச்சு விசிலடிச்சு."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"எங்க மதினிக்கு."

நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் அவள் சிரித்த சிரிப்பை, கொய்யா மரத்தை, வாய்க்கால் மதகில் இருந்து தொபீர் என்று குதிக்கும் சத்தத்தை. ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் வடிவு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன், பன்னிரண்டு வயதுப் பெண்ணை. அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அறுத்து எடுத்தார்கள். உடையாமல் எடுத்தார்கள். சுற்றிலும் மருந்துத் துணி பரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்ததாக நர்ஸ் பிற்பாடு சொன்னாள். ஜாடியில் போட்டுக் காட்டினார்கள். ராவுத்தர் கடையில் இலையில் வைத்திருப்பாரே, அதேதான். தோல் உரித்த முட்டை போல வெள்ளை. தேங்காய் அளவு.

டாக்டரிடம் எப்போது நுழைந்தது என்று கேட்டேன். பிஞ்சிலா, சோற்று உருண்டையிலா, சிரங்கிலா, பின்னால் எங்கள் வீட்டிலேயேவா? அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். இன்னொன்று இல்லையே என்றும் கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார். கடுகளவில் எங்கேயாவது இருக்கலாம். ஈரலிலோ, நுரையீரலிலோ. வளர வருஷக்கணக்காகும். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

இப்போது எங்கள் கொல்லையில் ஒரு குழி இருக்கிறது. இடுப்பளவு ஆழம், மேலே உடைந்த ஆட்டுக்கல்லின் பாதியை உருட்டி மூடியிருக்கிறேன். கறிக்கடையில் கொப்புளம் விழுந்த ஈரல் இருந்தால் என்னிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கொண்டுவந்து சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறேன். கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார் என்று தெரியும். தெருநாய்கள் அந்தக் கல்லைச் சுற்றியே படுத்துக் கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை தோறும் வடிவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். பதினாலு வயதில் அம்மா தேய்த்துவிடுவது அவளுக்கு வெட்கம். என்றாலும் உட்காருகிறாள். ஏன் என்று அவளுக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை விலா முழுக்க விரலால் தேடிப் பார்த்தேன். தழும்பு மட்டும்தான். "தட்டுப்படுதாம்மா?" என்றாள். இல்லை என்றேன். கையைத் துடைக்கத் துணியை எடுத்தேன். கொல்லையில் ஒரு நாய் அந்தக் கல்லைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நகம் கல்லில் தேயும் சத்தம். நான் விரட்ட எழுந்தேன்.

"விடும்மா, பாவம்" என்றாள் வடிவு. "அதுக்கும் ஒரு வாய் இருக்கில்ல?"

நான் நின்றுவிட்டேன். மதினி போகும்போது இவளுக்கு நாலு வயது. அத்தையின் முகம்கூட நினைவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"இதை யாரு ஒனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா வாயில வந்துச்சு."

துடைக்காத எண்ணெய்க் கையை மறுபடியும் அவள் விலாவுக்குக் கீழே வைத்து, முதலில் இருந்து அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன்.